முறை வைத்து இறந்தவர்கள்

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. நான்காம் மாடியில் இருப்பவரோ, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை ஊரில் உள்ள லிஃப்ட்டுகளையெல்லாம் பழுது பார்த்தவர். இதைச் சொல்லி அவரைக் கிண்டல் செய்யாதவர்கள் எங்கள் தெருவில் இல்லை. அவரும் சளைக்காமல், "டாக்டர் வீட்டுல யாரும் இருமுறதே இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் படியேறிப் போய்விடுவார். லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் மனைவி எக்ஸ்ரே அக்கா. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தவள். "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று ஆயுசு பூராவும் அடுத்தவர்களுக்கு உத்தரவு போட்ட குரல். வீட்டிலும் அந்தக் குரல் அனுமதித்த பிறகுதான் மூச்சு விடலாம்.

என் வீடு தரைத்தளம். மாடிப்படி தொடங்குவது என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே. நான் யாரையும் எட்டிப் பார்ப்பவள் இல்லை. ஜன்னல் அங்கே இருக்கிறது, பாத்திரம் கழுவும் தொட்டியும் அங்கேதான் இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த ஜன்னல் வழியாகத்தான் அக்காவின் முழங்கால் கெட்டுப்போனதைப் படிப்படியாகப் பார்த்தேன். முதலில் பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினாள். பிறகு ஒவ்வொரு மாடியிலும் நின்றாள். பிறகு இறங்குவதையே விட்டுவிட்டாள். பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கிக் காய்கறி வாங்கினாள். பேச ஆள் வேண்டும் என்றால் அதே பால்கனியிலிருந்து கத்துவாள். தெருவுக்கே கேட்கும். ரகசியம் பேச முடியாதது எனக்கும் அவளுக்கும் பெரிய நஷ்டம்.

ஒருநாள் பிடிவாதமாக இறங்கி வந்து, என் வீட்டு வாசலில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, செய்தியைப் போட்டு உடைத்தாள்.

"நாங்க இந்த ஊரை விட்டுப் போறோம். தனி வீடு, ஒரு படிகூடக் கிடையாது. வாசல்ல கால வச்சா தெரு."

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சில மாதம் மாற்றலில் போய் இருந்த ஒரு சின்ன ஊர். ரயிலில் அரை நாள் பயணம். அங்கே ஒரு பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. வந்து போகிறவர்களுக்கு வாரக் கணக்கிலும் வீடு விடுகிற ஒரு அம்மாளிடம் பேசியும் வைத்துவிட்டாள்.

"நாங்கன்னா யாரு? என்னைக் கேட்டியா?" என்றார் பின்னாலேயே இறங்கி வந்த லிஃப்ட்காரர்.

அன்று மாலை என் வாசலே பட்டிமன்ற மேடை ஆகிவிட்டது. போகலாம் என்பதற்கு ஒரே ஆள், அக்கா. போகக்கூடாது என்பதற்கு நாங்கள் எல்லோரும். நான் மட்டும் நடுநிலை என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில், மேலே ஒரு வீடு காலியானால் யார் வருவார்களோ, எப்படிப்பட்டவர்களோ என்ற கவலை எனக்கு.

லிஃப்ட்காரர் ஆரம்பித்தார். "நல்ல டாக்டர் வேணும்னா ரயில் ஏறணும். பொண்ணைப் பாக்கணும்னா ரயில் ஏறணும். அந்த ஊர்லயே உசரமான கட்டடம் தண்ணித் தொட்டி. நான் அங்க என்ன செய்யறது? தொட்டியை அண்ணாந்து பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா?"

"இங்க மட்டும் என்ன செஞ்சு கிழிக்கிறீங்க? எதிர்க் கட்டடத்து லிஃப்ட் சத்தத்தைக் கேட்டுட்டு, 'பேரிங் போயிடுச்சு'ன்னு சொல்றீங்க. கேட்டாங்களா அவங்க?"

"கேக்காததுனாலதான் போயிடுச்சு."

இரண்டாம் மாடித் தையல்காரர் தன் பங்குக்கு, "சின்ன ஊர்ல ஒருத்தர் தும்மினா மூணு தெருவுக்குக் கேக்கும்க்கா. வீட்டுல என்ன நடக்குதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிரும்" என்றார்.

அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "இங்க இருக்கிற குறைதானே. பழகிப்போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

என் கணவர் வாயைத் திறப்பது அபூர்வம். அவரும் திறந்தார். "இந்த வயசுல புது மனுஷங்களைப் பழகுறதுங்கறது லேசுப்பட்ட காரியமில்ல. நான் இவளையே இன்னும் பழகி முடிக்கல."

இப்படியே பேச்சு போய்க்கொண்டிருந்தபோது லிஃப்ட்காரர் திடீரென்று குரலைத் தாழ்த்தினார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

"டாக்டரு, ரயிலு இதெல்லாம் நான் சும்மா சொல்றது. ரெண்டு பேரும் சேந்து இருந்தா எந்த ஊர்லயும் இருந்துரலாம். ஒருத்தர் போயிட்டா? மிச்சம் இருக்கிறவங்க அந்த ஊர்ல தாக்குப்பிடிப்பாங்களா? அதைச் சொல்லுங்க."

 அக்கா மட்டும், "அதை இப்ப எப்படித் தெரிஞ்சுக்கிறது?" என்றாள்.

"தெரிஞ்சுக்கலாம். ஒரு லிஃப்ட்டுல ஆள் ஏறுறதுக்கு முன்னாடி நாங்க இரும்புக் கட்டியை ஏத்திப் பாப்போம். உள்ள எழுதிப் போட்டிருக்கிற எடைக்கு மேலயே ஏத்துவோம். பிரேக் பிடிச்சா ஜனத்தை விடுவோம். இல்லன்னா பூட்டுதான்."

அவருடைய திட்டம் இது. முதலில் அக்கா தனியாகப் போய் இரண்டு வாரம் அந்த வீட்டில் இருக்க வேண்டும். அப்புறம் அவர் போய்த் தனியாக இருப்பார். இங்கே தங்குகிறவர் அங்கே போனவருக்குச் செத்தவர் மாதிரி. போன் கிடையாது. செத்தவர்கள் போன் செய்வதில்லை. அந்த ஊரில் யாராவது விசாரித்தாலும் துணை போய்ச் சேர்ந்துவிட்டதாகவே சொல்ல வேண்டும். "புருஷன் ஊர்ல இருக்கான்னு சொன்னா அந்த மரியாதையே தனி. பொய் எடையை வச்சுச் சோதனை பண்ணக் கூடாது" என்றார்.

விஷயம் தெரிந்து அவர்கள் மகள் அடுத்த நாளே வந்து குதித்தாள். பல் டாக்டர். அடுத்தவர் வாயை அடைத்துப் பேசியே பழக்கம்.

"ரெண்டு பேருக்கும் புத்தி கெட்டுப் போச்சா? உயிரோட இருக்கிற மனுஷனை யாராச்சும் செத்துட்டாருன்னு சொல்வாங்களாம்மா?"

"அவருதானேடி சொல்லச் சொல்றாரு. சாகறவரே சொல்றப்ப எனக்கென்ன?"

"அத்தை, நீங்களாச்சும் சொல்லக் கூடாதா?" என்று என்னைப் பிடித்தாள். சொல்லியிருக்கலாம்தான். ஆனால் இப்படி ஒரு வேடிக்கை மறுபடி எப்போது கிடைக்கும்?

அக்கா தோற்றுத் திரும்பி வரட்டும் என்றுதான் மனிதர் இந்தத் திட்டத்தைப் போட்டார் என்பது தெருவின் ஏகமனதான முடிவு. எனக்கும் அதுதான் தோன்றியது. தையல்காரர் இரண்டு கை பிடித்து அக்காவைப் படியிறக்கிவிட, ஒரு பெட்டியோடு ரயிலேறிப் போனாள்.

இறந்துபோனவர் மறுநாள் காலையிலேயே பால் பாக்கெட் வாங்க இறங்கி வந்தார். மத்தியானம் என் வீட்டில் சாப்பிட்டார். சாயந்திரம் என் கணவரோடு சீட்டாடினார். ஆட்டத்தில் கவனமே இல்லை. "போன் பண்ணக் கூடாதுன்னு சொன்னது நான்தானே?" என்று மூன்றாவது நாள் கேட்டார். "நீங்கதான்" என்றேன். "ரொம்பச் சின்னப்புள்ளத்தனமா இருக்கே" என்றார், வேறு யாரோ போட்ட சட்டம் மாதிரி.

அவர்களுக்குள்தானே பேசக்கூடாது? எனக்கு யாரும் தடை போடவில்லையே? அவசரத்துக்கு என்று அக்கா கொடுத்துவிட்டுப் போன ஓனரம்மாவின் நம்பர் என்னிடம் இருந்தது. எனக்கு அவசரமாகத்தான் இருந்தது.

"அந்தக்காவா? நல்லா இருக்காங்க. பாவம், வீட்டுக்காரர் தவறிட்டாராம்" என்றது அந்தப் பக்கக் குரல்.

தவறியவர் என் எதிரே உட்கார்ந்து டீயில் ரொட்டியை நனைத்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் போடும்படி சைகை காட்டினார்.

"எப்படிப்பட்ட மனுஷன்னு கேட்டேன்" என்று தொடர்ந்தாள் ஓனரம்மா. என்னைவிட நாலு மடங்கு கெட்டிக்காரி என்று அப்போதே புரிந்துவிட்டது. "தங்கமானவருதான், ஆனா எதையும் கழட்டிப் பாக்காம நம்ப மாட்டாருன்னாங்க. மிக்ஸி வாங்கின அன்னிக்கே கழட்டிட்டாராமே? அப்புறம் மாட்டத் தெரியலையாம்."

போனை வைத்தேன். ரொட்டி பாதி கரைந்து டீக்குள் விழுந்துவிட்டது.

"மாட்டினேன். ஒரு ஸ்க்ரூதான் மிச்சமாச்சு" என்றார். "செத்தவனைப் பத்திப் பேசுற பேச்சா இது?"

இரண்டு வாரம் முடிந்து அக்கா வந்தாள். நன்றாகக் கறுத்திருந்தாள். நாளெல்லாம் வெளியே நடந்த கறுப்பு. நாலு மாடி ஏறி உட்கார்ந்ததும் தன் குற்றப் பத்திரிகையைத் தானே வாசித்தாள். மறைக்கவில்லை என்றுதான் நான் நினைத்தேன். மருந்துக் கடையில் எதைக் கேட்டாலும் "நாளைக்கு வந்துரும்" என்கிறார்கள். மின்சாரம் தன் இஷ்டத்துக்கு வருகிறது. பாங்க் வரிசையில் நிற்பவர்கள் எல்லோருக்கும் நீ எதற்கு வந்திருக்கிறாய் என்று தெரிகிறது. குழாய் ரிப்பேருக்கு ஆள் கூப்பிட்டால், "வீட்டுல ஆம்பளை யாரும் இல்லையா?" என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் நிதானமாக இரண்டு நாள் கழித்து வருகிறான்.

"அப்ப வேணாங்கற?" லிஃப்ட்காரர் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"குறையைச் சொன்னேன். வேணாம்னு சொன்னேனா? உங்க முறை. கிளம்புங்க."

அவரும் கிளம்பினார். அந்த வீட்டையே அவரும் தன் பெயரில் பேசி எடுத்திருந்தார். சோதனை என்றால் ஒரே லிஃப்ட்டில்தானே செய்ய வேண்டும்? இதில் உள்ள ஓட்டை அப்போது அவர்கள் இருவருக்குமே தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதுதான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியாதது.

இந்தத் தடவை இறந்துபோனது அக்கா. அவள் செத்ததை அனுபவித்தாள். பால்கனியில் உட்கார்ந்து வெற்றுத் தெருவைப் பார்த்து, "அமைதியா இருக்கில்ல?" என்று நாலு மாடிக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்.

முதல் வாரம் அவரிடமிருந்து தகவல் இல்லை. இரண்டாம் வாரத்தில் ஒருநாள் என் போன் அடித்தது.

"உங்களோட பேசக் கூடாதுன்னு சட்டம் இல்லையே?" என்றார் லிஃப்ட்காரர்.

"இல்ல. சொல்லுங்கண்ணே."

"இந்த ஓனரம்மா எனக்குப் பொண்ணு பாக்குது."

என் கையிலிருந்த கரண்டி தொட்டிக்குள் விழுந்தது. "யாரை?"

"என் பொண்டாட்டியை."

கதை இதுதான். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று திட்டப்படி இவர் சொல்லிவைக்க, ஓனரம்மாவின் மனசு உருகிவிட்டது. இந்த மனிதர் சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை, சாயந்திரமானால் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். போன மாதம்தான் இதே வீட்டில் ஒரு அம்மா இருந்தார்கள். படித்தவர்கள், அதே ஊர், அவர்களுக்கும் துணை இல்லை. இவ்வளவு பொருத்தம் எங்கே கிடைக்கும்? "வயசான காலத்துல பேச்சுத் துணைதானே சார், யோசிங்க" என்று காலையில் டீ கொடுக்கும்போதும் சொல்கிறாளாம், மாலையில் கேட்டைப் பூட்டும்போதும் சொல்கிறாளாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? அவங்க எப்படிப்பட்டவங்கன்னு கேட்டேன்."

"அண்ணே!"

"எனக்கும் தெரிஞ்சுக்கணுமில்ல" என்றார். பிறகு குரல் மாறியது. "அவ விழுந்தாளாமே? உங்ககிட்டயாச்சும் சொன்னாளா?"

சொல்லவில்லை. என்னிடம்கூடச் சொல்லவில்லை என்றால் அவள் அதை எவ்வளவு ஆழத்தில் புதைத்து வைத்திருந்தாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா போன இரண்டாம் நாளே குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறாள். எழ முடியவில்லை. கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள், யாருக்கும் கேட்கவில்லை. தானே வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் கையை ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து, உடுத்திக்கொண்டு, தெருவுக்கு வந்து, முதலில் கண்ணில் பட்டவளைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். கூடவே ஓனரம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும். மணிக்கட்டில் லேசான வீக்கம், அவ்வளவுதான். எக்ஸ்ரே எடுத்த பையனிடம், "கையை இப்படித் திருப்பி வை தம்பி, இது போட்டோ இல்ல" என்று அதட்டியதைத்தான் அந்தப் பெண்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்களாம். மறுநாள் அந்த நாலு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள். அதற்கு மறுநாள் அவர்கள் கூப்பிட்டார்கள். ஒரு வாரத்தில் அந்தத் தெருவில் அக்காவுக்குத் தெரியாத குடும்பச் சண்டை ஒன்றுகூட பாக்கி இல்லை.

"பயந்துட்டீங்களாக்கான்னு இந்தம்மா கேட்டிருக்கு" என்றார் லிஃப்ட்காரர். "பயந்தேன், ஆனா யாரும் வரலன்னு தெரிஞ்சப்புறம் பயந்து என்ன பண்றதுன்னாளாம்." பிறகு அவரே தொடர்ந்தார். "இது நான் வச்ச எடை இல்லங்க. நான் அவ்வளவு ஏத்தியிருக்க மாட்டேன்."

வீடு திரும்பிய நாள், படியேறும் முன்பு என் வாசலில் உட்கார்ந்துவிட்டார். மேலேயிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். பிறகு, எத்தனையோ நாளைக்குப் பின், அவளே ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள்.

"என்னங்க, எப்படி இருந்துச்சு?"

"விழுந்ததை ஏன் சொல்லல?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் இல்லை என்று தலையாட்டினேன். வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையாகவே நான் இல்லை.

"சொன்னா பூட்டுதான்னு சொல்லியிருப்பீங்க."

"சொல்லியிருப்பேன்" என்று ஒப்புக்கொண்டார். "நான் தாங்கலம்மா. ரெண்டாம் நாளே பெட்டியைக் கட்டிட்டேன். வெக்கத்துக்குப் பயந்துதான் அவிழ்த்தேன். அந்த ஊர்ல தனியா இருக்க என்னால ஆகாது. எந்த ஊர்லயும் ஆகாதுன்னு நினைக்கிறேன்."

அக்காவின் முகம் சுருங்கிப்போனது. கால்களைப் பார்த்துக்கொண்டு, "சரி விடுங்க. இங்கயே கிடப்போம்" என்றாள். குரலில் எக்ஸ்ரே அறை சுத்தமாக இல்லை.

"முழுசாக் கேளு. மிச்சம் இருக்கப் போறது யாரு? நெஞ்சுல கம்பி வச்சிருக்கிறவன் நான். தாங்க வேண்டியது நீ. நீ தாங்கிட்டே. இந்த மாடியில நீ விழுந்தா வாளியைக் கவிழ்த்து எழுந்திருச்சு, அப்புறம் நாலு மாடி இறங்கணும். அங்க, எழுந்திருச்சா தெரு. போவோம்."

"நான் முன்னாடி போயிட்டா?"

"அடுத்த ரயிலைப் பிடிச்சு மக வீட்டுக்கு வந்துருவேன். இந்த வீட்டை விக்க வேணாம், வாடகைக்கு விடுவோம். அவ துரத்தினா இங்க வந்து இவங்க வாசல்ல உக்காந்துக்குவேன்."

"சாப்பாடு கிடைக்கும்" என்றார் என் கணவர். இந்த விவகாரத்தில் அவர் பேசியது அது இரண்டாவது முறை.

அடுத்த மாதமே சாமான் ஏற்றிப் போய்விட்டார்கள். ஓனரம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் பேசிவைத்தார்களாம். இறங்கியபோது ஓனரம்மா தெருப் பெண்களோடு வாசலில் நின்று, இருவர் கையையும் பிடித்துக்கொண்டு கண்கலங்கிவிட்டாள். "நான் சொன்னேன்ல?" என்றாளாம். அந்த முகத்தைப் பார்த்து யாருக்கு மனசு வரும்? இப்போது சொன்னால் இரண்டு பேரும் பொய்யர்கள். சொல்லாவிட்டால் வெறும் இரண்டாம் கல்யாணம். லாபம் எது என்று இரண்டு பேருக்கும் உடனே தெரிந்துவிட்டது.

மகள் பார்க்கப் போனபோது துணைக்கு நானும் போனேன். வீடு எப்படி இருக்கிறது என்று யாராவது பார்த்துவர வேண்டாமா? அக்கா கதவைத் திறந்து வெளியே வந்து, எங்கேயும் நிற்காமல் தெருமுனைவரை நடந்து வந்து பையை வாங்கிக்கொண்டாள். ஓனரம்மா ஓடி வந்தாள். மகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இது யாரு? உங்க பொண்ணா, அவரு பொண்ணா?"

பல் டாக்டர் வாயடைத்து நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

"இப்ப ரெண்டு பேருக்கும்தான்" என்றாள் அக்கா அசராமல்.

"அதான் பொண்ணும் ஒட்டிக்கிச்சு போல. பாருங்களேன், மூக்கு இந்தக்கா மாதிரி, நெத்தி அவரு மாதிரி. மனசு ஒத்துப்போனா முகமும் ஒத்துப்போயிருமோ என்னவோ!"

மகள் அம்மாவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உள்ளே நடந்த சண்டை வெளியே கேட்டது, ஒரு சொல்கூடப் பிடிபடாமல். ஓனரம்மா அதைக் கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டு என் பக்கத்தில் நகர்ந்து வந்தாள். தொழில் தெரிந்தவள்.

"நீங்க பழைய ஊர்லேந்து பழக்கமாமே. அந்தக்காவோட முதல் வீட்டுக்காரரு எப்படி? இவரு மாதிரியா?"

லிஃப்ட்காரர் அப்போது வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, தெருப் பெண்கள் கொண்டுவந்து குவித்திருந்த மிக்ஸி, விசிறி, இஸ்திரிப் பெட்டிகளுக்கு நடுவே எதையோ கழட்டிக்கொண்டிருந்தார். காது மட்டும் எங்கள் பக்கம் இருந்தது.

"அதை ஏன் கேக்கறீங்க" என்றேன். "இவரு எவ்வளவோ தேவலை."